ஏழாவது கல்

டீசல் வாசனை அடித்தால் எனக்குக் கேழ்வரகுக் கூழ் ஞாபகம் வரும். மருமகளிடம் ஒரு தடவை சொல்லிப்பார்த்தேன். "உங்களுக்கு வயசாயிடுச்சு அத்தை" என்றாள். ஆகத்தான் ஆகிவிட்டது. பால்வாடியில் பிள்ளைகளுக்குச் சத்துமாவு உருண்டை பிடித்துக் கொடுத்தே தலை நரைத்து, ஓய்வும் பெற்றாகிவிட்டது. உங்களிடம் சொல்லலாம், நீங்கள் என் வயதுக்காரர்கள். கரண்டு கம்பம் எட்டிப்பார்க்காத ஊரில் முதன்முதலாக ஒரு மெஷின் வந்து நின்ற வருஷம் உங்களுக்கும் ஒன்று இருக்கும். உங்கள் ஊரில் அது பம்புசெட்டோ, நெல் அரைக்கிற மெஷினோ. எங்கள் ஊரில் வந்தது மலையைத் துளைக்கிற மெஷின்.

திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ஒரு மலையடிவாரத்தில் எங்கள் இருளர் குடிசைகள். ரெவின்யூ கணக்கில் அந்த மலைக்கு ஏதோ பேர் உண்டு. நாங்கள் மலை என்போம், அவ்வளவுதான். சொந்த வீட்டைப் பேர் வைத்தா கூப்பிடுகிறோம்? விறகு, தேன், நன்னாரி வேர் எல்லாம் அங்கே. செத்தவர்களும் அங்கே. முக்கால் உயரத்தில் ஒரு சமதளம் இருக்கிறது, பக்கத்தில் வற்றாத ஒரு சுனை. அங்கிருந்து பார்த்தால் அண்ணாமலை முழுசாகத் தெரியும். தீபத்தன்று நாங்கள் அங்கே ஏறி நின்றுதான் கும்பிடுவோம்.

அந்தச் சமதளத்தில்தான் கன்னியம்மா இருந்தாள். இருந்தாள் என்றால் பார்வைக்கு இருக்க மாட்டாள், அதுதான் விஷயம். ஏழு கற்கள், ஏழு அக்கா தங்கைகள். மாசி மாதத்தில் மட்டும் மண்ணைத் திறந்து வெளியே எடுப்போம். சுனைத் தண்ணீரில் கழுவி, மஞ்சள் பூசி, வரிசையாக உட்கார வைத்து, கூழ் ஊற்றி, ராத்திரியெல்லாம் ஆடிப் பாடுவோம். முடிந்ததும் மஞ்சளும் போகும்படி திரும்பக் கழுவி, ஆவாரம் இலை பரப்பி, படுக்க வைத்து மூடிவிடுவோம். மேலே ஒரு அடையாளம் வைக்கக் கூடாது. கூரை கூடவே கூடாது. அடுத்த மாசி வரைக்கும் அவள் தூக்கம். நடுவில் எழுப்பினால் அவளுக்குப் பசிக்கும். எழுப்பியவர்கள் மாசி வரும் வரை தினம் சோறு போட்டாக வேண்டும். அவளை எடுக்கிற உரிமை எங்கள் நைனாவுக்கு இருந்தது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

ஐப்பசி மழை விட்டு ஈசல் கிளம்பிய நேரம். நாங்கள் பிள்ளைகள் புற்றுவாயில் துணி விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஜீப் சத்தம் கேட்டது. இறங்கியவர்கள் மலையில் அங்கங்கே கட்டை அடித்து, கட்டையின் தலையில் வெள்ளைப் பெயின்ட் பூசினார்கள். மலைக்குள் இரும்பு இருக்கிறதா என்று துளைத்துப் பார்க்கப் போகிறார்களாம். இருந்தால்? "இருந்தா மலைய எடுத்துடுவாங்க" என்று அவர்களோடு வந்த ஒருத்தர் சாதாரணமாகச் சொன்னார். குப்பையை எடுக்கிறோம் என்று சொல்கிற மாதிரி. நாங்கள் ஈசலை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினோம்.

கூலிக்கு ஆள் கூப்பிட்டார்கள். ஒருத்தரும் போகவில்லை. மெஷின் ஏற வழி வெட்ட வந்தபோது பொம்பளைகள் எல்லாரும் பாதையில் உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா இடுப்பில் தம்பியோடு முதல் வரிசையில். பயம் இருந்திருக்கும், முகத்தில் காட்டவில்லை. வெளியாட்களைக் கண்டால் குடிசைக்குப் பின்னால் ஒதுங்குகிற ஜனம் நாங்கள். அவர்கள் அப்படி உட்கார்ந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். கடைசியில் விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நெற்றி நிறைய விபூதி. பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போகிறவர் என்று பேச்சு. இப்போது மாதிரி அடி அண்ணாமலை வரைக்கும் தலையாய்த் தெரிகிற கூட்டம் இல்லாத காலத்தில் போனவர். பெரியப்பாதான் எங்கள் ஊருக்குப் பெரியவர். அவரும் நைனாவும் முன்னால் நின்றார்கள்.

"சாமி மலைன்றீங்களே, சாமி எங்கப்பா இருக்குது?"

"மேல தூங்குதுங்க" என்றார் நைனா. "மாசியில வாங்க சாமி, கண்ணாலயே பாக்கலாம்."

"மாசிக்கு எங்க போறது? நான் கார்த்திகைக்குள்ள எழுதி அனுப்பணும்."

நைனா அண்ணாமலை இருக்கிற திக்கைப் பார்த்தார். "அந்த மலையே சாமின்னுதானே எல்லாரும் சுத்தி வர்றீங்க. உள்ள சாமி எங்க இருக்குதுன்னு யாரும் தோண்டிப் பாக்கலீங்களே?"

அதிகாரி சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அது வேறப்பா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே அது வேறாக இருந்தது. பிறகு நைனாவைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரே ஒரு தடவ தொறந்து காட்டிடு. நான் என் கண்ணால பாத்தா எழுதிடறேன். அப்புறம் எவனும் கை வைக்க மாட்டான்" என்றார்.

அன்று சாயங்காலம் வேப்பமரத்தடியில் எல்லாரும் கூடினார்கள். பெரியப்பா ஒரே பேச்சாகச் சொன்னார்: "வேணாம்டா. நடுவுல எழுப்பினா பசின்னு உக்காந்துடுவா. யாரு போடறது?"

"நான் போடறேன்."

"மாசி வரைக்குமா? உன் புள்ளைங்களுக்கே கம்மியா இருக்குது."

"மலையே போயிட்டா மாசி எங்கண்ணா வரும்?"

அம்மா கேழ்வரகுப் பானை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவள் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் என்று ரொம்ப நாள் நினைத்திருக்கிறேன். என்ன வார்த்தை என்று கேட்டால் எனக்கும் தெரியவில்லை. நைனா நினைத்தது ஒன்றுதான்: பார்த்தால் நம்புவார்கள். படித்தவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று அவருக்கு எண்ணம். அந்த அதிகாரியும் பொய் சொல்லவில்லை, பாருங்கள். அதுதான் இன்னும் கஷ்டம்.

தூறல் விட்ட ஒரு காலையில் எல்லாரும் ஏறினோம். அதிகாரி சமதளத்துக்குக் கீழேயே செருப்பைக் கழற்றிவிட்டார். நைனா குளித்துவிட்டு ஈர வேட்டியோடு மண்ணைக் கையால் விலக்கினார். கடப்பாரை அவள் மேல் படக் கூடாது. கறுத்து மக்கிப்போன ஆவாரம் இலை வாடை, மழை மண் வாடை. ஒவ்வொன்றாக ஏழும் வெளியே வந்தார்கள். கடைசித் தங்கை சின்னவள். சப்பட்டையாக, வரட்டி அகலத்துக்கு இருப்பாள். எங்கள் பொம்பளைகள் குலவை போட்டார்கள். மாசி இல்லாத மாதத்தில் அந்தச் சத்தம் எங்களுக்கே என்னமோ போல் இருந்தது.

அதிகாரி குந்தி உட்கார்ந்து பார்த்தார். ஒரு கல்லைத் தடவி விரலை முகர்ந்தார். குழியின் ஈர மண்ணை எடுத்து நசுக்கினார்.

"ஏம்பா, இப்பதான் பொதைச்ச மாதிரி இருக்குதே?"

"பொதைக்கலீங்க. எடுத்தேன். நீங்க பாக்கத்தானே எடுத்தேன்."

"எண்ணெய்ப் பிசுக்கு இல்ல, கற்பூரம் ஏத்துன கரி இல்ல, ஒரு பொட்டு மஞ்சள் இல்ல. சாமி கும்புட்ட கல்லு இப்படியா இருக்கும்?"

"கழுவித்தாங்க படுக்க வெப்போம். அழுக்கோட எப்படித் தூங்குவா?"

பக்கத்தில் நின்ற உதவியாள் சிரித்துவிட்டான். அதிகாரி சிரிக்கவில்லை. எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "உங்கள நம்பி மலையேறி வந்தேன் பாரு" என்று மட்டும் சொன்னார். ஏமாந்துபோன மனுஷனின் முகம் அது. எங்கள் ஜனம் அவரை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டே மலையிறங்கினார். நைனா அவர் பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடி, பாதித் தூரத்தில் நின்றுவிட்டார்.

மறுநாளிலிருந்து நைனா தினம் மலையேறினார். மூடி வைக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். முழித்தவளை மாசி வராமல் படுக்க வைக்க முடியாது. சொம்பில் கூழ், மேலே ஒரு பச்சை மிளகாய். சில நாள் நானும் கூடப் போவேன். வீட்டில் எங்கள் கூழ் தண்ணியாகிக்கொண்டே வந்தது. அம்மா கரைத்து ஊற்றுகிற கலயத்தைப் பார்த்தால் அடி தெரியும். பெரியப்பா வீட்டில் யாரும் எங்களோடு பேசவில்லை. ஊரில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அதற்கும் நைனாதான் காரணம். அதிலும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. கோபத்தை ஜீப்பின் மேல் காட்ட முடியவில்லை, எட்டுகிற இடத்தில் காட்டினார்கள்.

மார்கழியில் மெஷின் வந்தது. இந்தத் தடவை போலீசும் வந்தது. பாதையில் உட்கார்ந்த பொம்பளைகளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, டிராக்டரில் கட்டி மெஷினை இழுத்துப் போனார்கள். மலையில் மெஷின் நிற்கத் தோதான இடம் ஒன்றுதான், அந்தச் சமதளம். அன்றைக்கு நைனாவையும் என்னையும் மேலே விட மாட்டேன் என்றார்கள். மறுநாள் கெஞ்சிக் கூத்தாடிப் போனோம்.

மெஷின் இரும்புக் காலை ஊன்றி நின்றுகொண்டு தடதடவென்று ஆடியது. டீசல் புகை மூச்சை அடைத்தது. துளையிலிருந்து சாம்பல் நிறச் சேறு வழிந்து சுனைப் பக்கம் ஓடியது. ஆறு கற்கள் ஓர் ஓரமாகக் குவிந்து கிடந்தன. ஏழாவது எங்கே என்று நைனா தேடினார். நான்தான் முதலில் பார்த்தேன். மெஷினின் ஒரு கால் பள்ளத்தில் இறங்காமல் இருக்க, அதற்கு அடியில் சின்னவளை அண்டை கொடுத்து வைத்திருந்தார்கள்.

மெஷின்காரர் சேலம் பக்கத்துக்காரர். காதைச் சுற்றி மப்ளர், எப்போதும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். நைனா சொன்னதைக் கேட்டு அவர் முகமே மாறிவிட்டது. "ஐயையோ, எனக்குத் தெரியாதுங்களே. சும்மா கெடந்துச்சு, சப்பையா இருந்துச்சுன்னு எடுத்து வெச்சேன்."

"எடுத்துக் குடுத்துடுங்கண்ணா."

"இப்ப எடுத்தா மெஷின் சாஞ்சிடும். துளை கோணிக்கும். முடியட்டும், நானே எடுத்து உங்க கையில குடுக்கறேன்."

மண்ணுக்குள் தூங்கிக்கொண்டிருந்தால் அவள் இருப்பதே இவர்களுக்குத் தெரிந்திருக்காது. காப்பாற்றுவதற்காக வெளியே எடுத்தோம், அதனால்தான் கையில் அகப்பட்டாள். இது எனக்கு இப்போது புரிகிறது. நைனாவுக்கு அந்த நிமிஷமே புரிந்திருக்க வேண்டும். அவர் ஆறு பேருக்கும் கூழ் ஊற்றினார். மிச்சத்தை எடுத்துக்கொண்டு போய், ஆடிக்கொண்டிருந்த அந்த இரும்புக் காலின் பக்கத்தில், சேற்றிலேயே ஊற்றினார். மெஷின் நிற்கும் வரை தினமும் அப்படித்தான் செய்தார். மெஷின்காரர் அந்த நேரத்துக்கு மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். டீசலும் கூழும் எனக்கு ஒட்டிக்கொண்டது அப்போதுதான்.

துளைக்குள்ளிருந்து மலையை நீளநீளத் தண்டுகளாக உருவி எடுத்தார்கள். கருநீலம், உள்ளே மினுமினுப்பு. மரப்பெட்டியில் வரிசையாக அடுக்கி, நம்பர் எழுதி, மழை படாமல் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். அந்தக் கல்லை அப்படிப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு நாள் மெஷின்காரர் உடைந்த தண்டு ஒன்றை எனக்குக் கொடுத்தார். உலக்கையில் சாண் நீளம் அறுத்த மாதிரி வழுவழுவென்று உருளையாக இருந்தது. அவர் வைத்திருந்த காந்தம் அதில் போய்ச் சப்பென்று ஒட்டியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சின்னப் பிள்ளைதானே. வீட்டில் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

தை கடைசியில் மெஷின் இறங்கியது. மெஷின்காரர் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். ஒரு சாக்குத் துணியை நைனாவின் கையில் கொடுத்தார், முகத்தைப் பார்க்காமல். உள்ளே துண்டும் தூளுமாக இருந்தது.

மாசி பிறந்தது. பெரியப்பா ஊருக்குச் சொன்னார்: "முழிச்ச சாமி, இனிமே எடுக்க வேணாம். மூடிடு. மண்ணு மேலயே கூழ் ஊத்திக்கலாம்." மூடப் போனது நைனா, அம்மா, நான், மூன்று பேர்தான். நைனா துண்டையும் தூளையும் சுனையில் விட்டார். ஆறு பேரைக் கழுவிப் படுக்க வைத்தார். ஏழாவது இடம் காலியாக இருந்தது. அதை உள்ளங்கையால் தடவிச் சமப்படுத்தினார். அப்புறம் என்னிடம் கையை நீட்டினார்.

"பாப்பா, அந்தக் கல்லு குடு."

என் மடியில்தான் இருந்தது. கொடுத்தேன்.

"அது மெஷின் அறுத்ததாச்சே" என்றாள் அம்மா.

"அவ வயித்துல இருந்து எடுத்ததுதானே. வேற எங்க போவும்?"

தண்டை இரண்டு கையாலும் கழுவி, சின்னவள் இருந்த இடத்தில் வைத்து, ஆவாரம் இலை போட்டு மூடினார். "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார். அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஜீப் பிறகு வரவில்லை. அவள் துரத்திவிட்டாள் என்று ஊரே கொண்டாடியது. பூசை நைனா கையை விட்டுப் போனது. போய்ச் சேரும் வரை மாசியில் எல்லாருக்கும் பின்னால் நின்றுதான் கும்பிட்டார். அம்மாவும் போய்விட்டாள். அடியில் இருப்பது என்னவென்று தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான்.

போன ஆடியில் திரும்ப ஆரம்பித்திருக்கிறார்கள். அந்தக் காலத்துத் தண்டுகளைப் பார்த்து இரும்பு ஜாஸ்தி இருக்கிறதென்று அப்போதே எழுதி வைத்திருந்தார்களாம். அவள் துரத்தி ஓடிப்போனவர்கள் அல்ல, காத்திருந்தவர்கள். எங்கள் பிள்ளைகள் இப்போது ஒதுங்குகிறவர்கள் இல்லை. நைனா காலத்தில் வேலூரில் இருந்த கலெக்டர் ஆபீஸ் இப்போது வேங்கிக்காலிலேயே இருக்கிறது. அதன் வாசலில் நாங்கள் உட்காராத வாரம் இல்லை. தம்பி மகன் சட்டம் படிக்கிறான். "அத்தை, வழிவழியா கும்புட்ட எடம்னு காட்டிட்டா சட்டம் நம்ம பக்கம். ஏழு கல்லும் கெடைச்சா போதும்" என்கிறான். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். நைனாவின் கண் அவனுக்கு.

விசாரிக்க வந்திருப்பது ஒரு சின்னப் பெண். அதிகாரி மாதிரியே இல்லை. என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தாள்.

"அம்மா, அந்த எடத்த ஒரு தடவ தொறந்து காட்டுங்க. நான் பாத்துட்டா ரிப்போர்ட்ல தைரியமா எழுதிடுவேன்."

என் வாயிலிருந்து தானாக வந்தது: "மாசியில வாங்க மேடம்."

"தையிலயே ரிப்போர்ட் போயிடணும்மா. நாளைக்கே வரேன். கேமரா கொண்டு வரேன்."

ஊர் முழுவதும் என்னைப் பார்த்தது. தம்பி மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவனிடம் நான் என்ன சொல்வேன்? ஆறு கல்லும் ஒரு மெஷின் தண்டும் இருக்கிறது என்றா? காட்டினால், நாங்களே புதைத்தது என்று எழுதுவார்கள். காட்டாவிட்டால், ஒன்றுமே இல்லை என்று எழுதுவார்கள். நைனாவைப் பற்றிச் சொன்னால் யார் நம்புவார்கள்? நீங்கள் நம்புவீர்கள், ஆனால் நீங்கள் யாரும் ரிப்போர்ட் எழுதுகிறவர்கள் இல்லை. "சரி, வாங்க மேடம்" என்றேன்.

இப்போது பொழுது சாய்கிறது. வெளியே பிள்ளைகள் நாளைக்கு மலையேறுவதைப் பற்றிச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் அடுப்படியில் கேழ்வரகு மாவைக் கரைத்துக்கொண்டிருக்கிறேன். கூழ் இவ்வளவு எதற்கு அத்தை என்று மருமகள் கேட்கிறாள். நாளைக்கு அவளை எழுப்பப் போகிறோம். எழுப்பினால் பசிக்கும்.